பாவ அறிக்கையும் அயலவனின் வேலியும்

ஞாயிறு தோறும் ஆராதனையில் நாம் ஒன்றாக முழங்காற்படியிட்டுப் பாவ அறிக்கை செய்கிறோம். கத்தோலிக்க மக்கள் குருவானவரிடம் சென்று ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறுகிறார்கள். முறை எதுவாயினும், மனம் வருந்தி அறிக்கையிடுகிறவரை இறைவன் மன்னிக்கிறார் என்பதே நம் அனைவரினதும் நம்பிக்கை.

ஆயினும் ஆலயத்தை விட்டு வெளியே வரும்போது ஒரு கேள்வி நம்முன் நிற்கிறது. வேலி அடைக்கும்போது கதியாலை அரை முழம் தள்ளி நட்டவர் ஒருவர் இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். அடுத்த காணிக்காரரின் அரை முழ நிலம் என்ன ஆகும்? இறைவன் மன்னித்துவிட்டார் என்பதால் அது இவருடையதாகி விடுமா? இக்கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, பாவ அறிக்கை பற்றித் திருமறை கற்பிப்பதை ஆராய்வோம்.

1. அறிக்கையிடுதல் என்றால் என்ன?

புதிய ஏற்பாட்டில் அறிக்கையிடுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்கு, ‘ஒன்றையே சொல்லுதல்’ என்பது அடிப்படைப் பொருள். நம் செயலைப் பற்றி இறைவன் என்ன சொல்கிறாரோ அதையே நாமும் சொல்வதுதான் அறிக்கை. அவர் களவு என்பதை நாம் ‘கைமாற்று’ என்று சொல்லக்கூடாது. அவர் பொய் என்பதை நாம் ‘சமாளிப்பு’ என்று சொல்லக்கூடாது.

தாவீது அரசனின் வரலாறு இதை நன்கு விளக்குகிறது (2 சாமுவேல் 12). உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகும்படி செய்த தாவீது நெடுநாள் வாய் திறக்கவில்லை. நாத்தான் தீர்க்கன் வந்து, ஏழை ஒருவனின் ஒரேயொரு ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வந்தனின் கதையைச் சொன்னான். தாவீது கோபங்கொண்டு, அந்த ஆட்டுக்காக நாலத்தனை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தான். அந்தச் செல்வந்தன் நீயே என்று நாத்தான் கூறிய பின்னரே அரசன் தன் செயலை அதன் உண்மைப் பெயரால் அழைத்தான். பிறர் குற்றத்தைக் காணும் கண் நமக்கும் எளிதில் திறக்கிறது. நம் குற்றத்தைக் காண ஒரு நாத்தான் தேவைப்படுகிறான்.

2. அயலவனுக்குச் செய்த தீங்கு யாருக்கு எதிரானது?

லேவியராகமம் 6:1-7 இல் ஒரு முக்கியமான ஒழுங்கைக் காண்கிறோம். ஒப்படைத்த பொருளை மறுத்தல், பறித்தல், அயலவனை ஒடுக்கிப் பெறுதல், கண்டெடுத்ததை மறைத்தல், பொய்ச்சத்தியம் செய்தல் ஆகியவை அங்கே வரிசையாகக் கூறப்படுகின்றன. இவை யாவும் கிராமத்தில் அன்றாடம் நிகழக்கூடியவை. ஆனால் இவற்றைச் செய்பவன் இறைவனுக்கே துரோகம் செய்கிறான் என்றுதான் அப்பகுதி தொடங்குகிறது. அயலவனை ஏமாற்றுவது ‘உலக காரியம்’, ஆராதனை ‘ஆவிக்குரிய காரியம்’ என்ற பிரிவினை அங்கே இல்லை.

பரிகாரமும் தெளிவானது. எடுத்ததை முழுமையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 10 மூடை நெல்லை அபகரித்தவன் 12 மூடை கொடுக்க வேண்டும். குற்றநிவாரண பலி செலுத்தும் நாளிலேயே அது உரியவன் கையில் சேர வேண்டும். எண்ணாகமம் 5:5-8 இதனுடன் அறிக்கையிடுதலையும் சேர்த்துச் சொல்கிறது. உரியவனும் அவனுடைய நெருங்கிய உறவினனும் இல்லாவிடின், அப்பொருள் இறைவனுக்குரியதாக ஆசாரியனிடம் கொடுக்கப்பட வேண்டும். எடுத்தவன் கையில் அது தங்கியிருக்க எவ்விதத்திலும் இடமில்லை.

பீடத்தண்டை வந்தவன் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும் என்று இயேசுவும் கற்பித்தார் (மத்தேயு 5:23-24).

3. திருப்பிக் கொடுப்பது மன்னிப்பின் விலையா?

இல்லை. இங்கு நாம் கவனமாயிருக்க வேண்டும். சகேயுவின் வரலாற்றில் (லூக்கா 19:1-10) நிகழ்ச்சிகளின் வரிசையைப் பாருங்கள். எரிகோவின் தலைமை ஆயக்காரனாகிய அவன் எதையும் திருப்பிக் கொடுக்கு முன்னரே, இயேசு அவனைப் பெயர் சொல்லி அழைத்து அவன் வீட்டில் தங்கச் சென்றார். ஊரார் முறுமுறுத்தனர். கிருபை முதலில் வந்தது. அதன் பின்னரே சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்புவதாகவும் கூறினான்.

எனவே திருப்பிக் கொடுத்தல் மன்னிப்பை வாங்கும் பணமன்று. மன்னிப்பு உள்ளே வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அது. மரத்தில் காய் காய்ப்பதால் மரம் உயிர் பெறுவதில்லை. உயிருள்ள மரமே காய்க்கிறது.

4. மன்னிக்கிறவரும் மன்னிப்புக் கேட்பவரும்

கர்த்தர் கற்பித்த செபம் மத்தேயுவில் ‘கடன்கள்’ என்றும் லூக்காவில் ‘பாவங்கள்’ என்றும் அமைந்துள்ளது. இயேசு பேசிய அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல் குறித்தது. மத்தேயு 18:21-35 இல் வரும் உவமையில் ஊழியன் ஒருவன் அரசனிடம் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாட்கூலி. ஆக, 6 கோடி நாட்கூலி! அது மன்னிக்கப்பட்டது. அவனோ தனக்கு 100 நாட்கூலி தரவேண்டிய உடன் ஊழியனைச் சிறையிலிட்டான்.

இவ்வுவமை மன்னிக்க வேண்டியவரை நோக்கிச் சொல்லப்பட்டது. லேவியராகமச் சட்டமோ தீங்கு செய்தவரை நோக்கிச் சொல்லப்பட்டது. இரண்டையும் இடம் மாற்றக்கூடாது. தீங்கு செய்தவர் உவமையைக் காட்டி, “நீர் கிறிஸ்தவர்தானே, மன்னித்துவிடும்” என்று உரிமையோடு கேட்பது அறிக்கையன்று. அது இரண்டாவது தீங்கு. பாதிக்கப்பட்டவர் மன்னிப்பதற்குக் காலம் தேவைப்படலாம். பெண்கள், சிறுவர்கள் மீது இழைக்கப்பட்ட கொடுமைகளை மன்னிப்பின் பெயரால் மூடி மறைப்பதும் தவறு. அங்கே பாதிக்கப்பட்டவரைப் பாதுகாப்பதும் சட்டத்தின் உதவியை நாடுவதும் சபையின் கடமை.

5. திருச்சபைகளின் போதனை

ஆதித் திருச்சபையில் பெரும் பாவங்களுக்குச் சபையார் முன்னிலையில் மனந்திரும்பும் வழக்கம் இருந்தது. பிற்காலத்தில் தனியாக அறிக்கையிடும் முறை பரவியது. 1215 ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்தில் ஒரு முறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்யும்படி பணித்தது. சீர்திருத்தச் சபைகளில் பொதுவான பாவ அறிக்கை முதன்மை பெற்றது. முறைகள் வேறுபட்டாலும் ஒன்றில் உடன்பாடு உண்டு. 1992 இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல், மன்னிப்புப் பெற்றவரும் திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. 1662 ஆம் ஆண்டின் அங்கிலிக்கன் செபப்புத்தகமும், அயலவருக்குத் தீங்கு செய்தவர் அதை ஈடுசெய்ய ஆயத்தமான பின்னரே நற்கருணைக்கு வரும்படி அழைக்கிறது.

தனி மனிதர் மட்டுமன்றி, சமூகங்களும் பாவம் செய்கின்றன. 1990 நவம்பரில் தென்னாபிரிக்காவின் ரஸ்டன்பேர்க் நகரில் திருச்சபைகளின் மாநாடு நடைபெற்றது. அதில் இறையியல் பேராசிரியர் வில்லி யோங்கர், நிறவெறி ஆட்சியில் தமக்கும் தமது டச்சு சீர்திருத்தச் சபைக்கும் இருந்த குற்றத்தை வெளிப்படையாக அறிக்கையிட்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் மாநாடு அத்துடன் நிற்கவில்லை. பறிக்கப்பட்ட நிலம் உட்பட, இழப்பீடு பற்றியும் அதன் பிரகடனம் பேசியது. அறிக்கைக்கும் ஈடுசெய்தலுக்கும் உள்ள தொடர்பை அங்கும் தவிர்க்க முடியவில்லை.

6. நாம் செய்யக்கூடியவை

முதலாவதாக, ‘எல்லாப் பாவங்களையும்’ என்று பொதுவாகச் சொல்லாமல் ஒன்றைப் பெயர் குறிப்பிட்டு அறிக்கையிடுவோம். குறைத்துக் கொடுத்த கூலி, நிறுவையில் செய்த மோசடி, சங்கப் பணத்தில் காட்டாத கணக்கு, முறை தவறித் திருப்பிய வாய்க்கால் நீர் என எதுவாகவும் இருக்கலாம்.

இரண்டாவதாக, திருப்பிக் கொடுக்கக்கூடியதைத் திருப்பிக் கொடுப்போம். ஒரே தடவையில் முடியாவிடின் தவணையாகக் கொடுப்போம். உரியவர் இறந்திருந்தால் அவர் பிள்ளைகளிடம் சேர்ப்போம். எவரும் இல்லையெனின் ஏழைகளுக்குக் கொடுப்போம்.

மூன்றாவதாக, பொருளால் ஈடுசெய்ய முடியாதவையும் உண்டு. அவதூறு பேசியவர், எந்த இடத்தில் பேசினாரோ அந்த இடத்திலேயே அது பொய் என்று சொல்ல வேண்டும்.

இது வெட்கம் தரும் வேலை என்பதை நாம் அறிவோம். ஆனால் சகேயு அதைச் சந்தோஷத்தோடு செய்தான். மறைக்க வேண்டியது ஒன்றுமில்லாத வீட்டிலேதான் ஆண்டவர் விருந்தாளியாகத் தங்குகிறார் என்பதல்ல நற்செய்தி. மறைத்தவற்றோடு நாம் இருக்கும்போதே அவர் வருகிறார். அவர் வந்த பின் கதியாலைப் பழைய இடத்தில் நட நமக்குப் பலம் கிடைக்கிறது.

கலந்துரையாடலுக்கு

1. லேவியராகமம் 6:1-7 ஐ வாசியுங்கள். அங்கே கூறப்பட்டவற்றுள் எவை நம் கிராமத்தில் இன்றும் நிகழ்கின்றன?
2. சகேயு திருப்பிக் கொடுத்தபோது, அவனிடம் ஏமாந்தவர்களின் வீடுகளில் என்ன நடந்திருக்கும்?
3. மன்னிக்கும்படி ஒருவரை வற்புறுத்துவதால் ஏற்படும் தீமைகள் யாவை?
4. நமது சபையோ சங்கமோ ஒன்றாக அறிக்கையிட்டு ஈடுசெய்ய வேண்டிய காரியம் ஏதேனும் உண்டா? அதற்கு முதற்படி எது?