இணையமும் வலையும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

முன்னுரை

விஞ்ஞானம் மனிதனுக்கு அளித்த கொடைகளுள் இன்று எல்லார் கையிலும் தவழ்வது இணையம். தேர்வு முடிவு முதல் பட்டா நகல் வரை அதன் வழியாகவே வருகிறது. ஆயினும் அது இயங்கும் முறையை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அறியாத கருவிக்கு மனிதன் அடிமையாகிறான். அறிந்த கருவி அவனுக்கு ஏவல் செய்கிறது. எனவே அதன் அடிப்படையை, நமது விருத்தாசலத்தில் நாம் நாள்தோறும் காணும் பொருள்களைக் கொண்டே விளக்க முயல்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல

இணையமும் வலையும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர். இணையம் என்பது கணினிகளை இணைக்கும் பாதை. வலை என்பது அப்பாதையில் ஓடும் வண்டிகளுள் ஒன்று. மின்னஞ்சல் மற்றொரு வண்டி.

பாதையே முதலில் தோன்றியது. 1969 அக்டோபர் 29 அன்று அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் அமைப்பின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதற்செய்தி அனுப்பப்பட்டது. 'லாகின்' என்னும் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் சென்றதுமே அமைப்பு நின்றுவிட்டதாம்! வின்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகிய இருவர் வகுத்த பொது விதிமுறையை 1983 ஜனவரி 1 முதல் ஆர்ப்பாநெட் ஏற்றது. வலை அதன் பின்னரே வந்தது. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் அதன் திட்டத்தை எழுதினார். 1993-இல் செர்ன் அதை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. இந்தியப் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15 அன்று திறந்துவிடப்பட்டது.

பொட்டலங்களும் சந்திப்பும்

நமது ரயில் நிலையம் ஒரு சந்திப்பு. விழுப்புரம், கடலூர், திருச்சி, சேலம் என நான்கு திசைகளிலும் இங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. வரும் வண்டி எத்திசை செல்ல வேண்டுமோ அத்திசைக்குப் பாதை மாற்றித் தரப்படுகிறது. இணையத்தில் இவ்வேலையைச் செய்யும் கருவிக்கு ரவுட்டர் என்று பெயர்.

நாம் அனுப்பும் படமோ கடிதமோ முழுதாகச் செல்வதில்லை. பெரும்பாலும் 1500 பைட்டுக்கு மேற்படாத சிறு பொட்டலங்களாக அது பிரிக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் அனுப்புவோர் முகவரி, பெறுவோர் முகவரி, வரிசை எண் ஆகியவை இருக்கும். ரயிலில் பெட்டிகள் சேர்ந்தே செல்லும். இங்கோ ஒவ்வொரு பொட்டலமும் வெவ்வேறு வழியில் செல்லலாம். சேருமிடத்தில் அவை வரிசைப்படி அடுக்கப்படும். ஒன்று காணாமற்போனால் அது மட்டும் மீண்டும் அனுப்பப்படும். ஒரு வழி அறுந்தால் மறுவழி என்பதே இவ்வமைப்பின் வலிமை.

பெயரும் எண்ணும்

இணையத்தில் முகவரி என்பது எண்ணே. எண்களை நினைவிற்கொள்வது அரிது. ஆதலால் பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். என்னும் ஏற்பாட்டை 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்தார். உலாவியில் நாம் ஒரு தளத்தின் பெயரை எழுதியதும், முதலில் அதன் எண் தேடப்படுகிறது. பின்னர் அந்த எண்ணுக்குரிய சர்வருக்குக் கோரிக்கை செல்கிறது. சர்வர் பக்கத்தை அனுப்ப, உலாவி அதை நமக்குக் காட்டுகிறது. வலையின் வேலை இவ்வளவே: கேட்டல், கொடுத்தல்.

கண்ணாடியும் பீங்கானும்

கைபேசியிலிருந்து கோபுரம் வரை செய்தி வானொலி அலையாகச் செல்கிறது. அதற்கப்பால் பெரும்பாலும் மயிரிழை போன்ற கண்ணாடி இழைக்குள் ஒளியாகச் செல்கிறது. முழு அகப் பிரதிபலிப்பு என்று நாம் பாடத்தில் படித்த தத்துவமே இங்கு வேலை செய்கிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடியில் இணைக்கும், 2002-இல் அமைந்த, சுமார் 3,200 கிலோமீட்டர் கம்பியை அது கடக்க நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதும். 2000-இல் தொடங்கப்பட்ட ரெயில்டெல் நிறுவனம் இருப்புப்பாதை ஓரமாகவே இத்தகைய இழைகளைப் பதித்துள்ளது.

இதில் பீங்கானுக்கும் பங்குண்டு. இழைகளின் நுனிகளை நேருக்கு நேர் பொருத்தும் இணைப்பிகளில் சிர்க்கோனியா என்னும் பீங்கான் வகைக் குழலே பயன்படுகிறது. மின்சாரத்தைத் தடுக்கப் பீங்கான் செய்யும் நம் ஊராருக்கு, ஒளியைச் சேர்க்கவும் பீங்கான் உதவும் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தியன்றோ!

எங்கே தடை?

என் தாயார் ஒரு பீங்கான் கூடத்தில் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுபவர். என் உதவித்தொகை விண்ணப்பத்துக்காக இரண்டு நாள் கூலியை இழந்து ஒரு கணினி மையத்தில் காத்திருந்தார். 'சர்வர் டவுன்' என்பதே பதில். மறுநாள் கடைசி நாள். நான் உடன் சென்று அதே தளத்தை என் கைபேசியில் திறந்தேன், திறந்தது! பழுது சர்வரில் இல்லை, அம்மையத்தின் இணைப்பில்தான் இருந்தது. வேறிடம் சென்று விண்ணப்பித்தோம்.

எனவே நண்பர்களே, ஒரு தளம் திறக்காவிடில் முதலில் வேறு தளங்களைத் திறந்து பாருங்கள். எதுவுமே திறக்கவில்லையெனில் பழுது நம் பக்கத்து இணைப்பில். இடம் மாறினால் வழி பிறக்கும். மற்றவை திறந்து அது மட்டும், வேறு கைபேசியிலும், திறக்கவில்லையெனில் பெரும்பாலும் பழுது அந்தச் சர்வரில். அலைவதால் பயனில்லை, கூட்டம் குறைந்த நேரத்தில் முயல்க.

மற்றொன்று. முகவரியின் முன்னே வரும் 'எச்.டி.டி.பி.எஸ்.' என்பது வழியில் செல்லும் செய்தியைப் பிறர் படிக்கவியலாது என்பதையே குறிக்கும். மறுமுனையில் இருப்பவர் நாணயமானவர் என்பதற்கு அது சான்றாகாது. பூட்டிய பெட்டியையும் திருடனிடம் கொடுத்துவிடலாம் அல்லவா? ஆகவே தளத்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பின்னரே வங்கி விவரம் தருதல் வேண்டும்.

முடிவுரை

இணையம் மாயமன்று, கம்பியும் ஒளியும் முகவரியும் விதிமுறையும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த நம்மைப் போன்றோர் இதைக் கற்று, நம் தெருவில் நால்வருக்குச் சொல்வோமாக. 'சர்வர் டவுன்' என்ற ஒரு சொல்லுக்காக ஏழையின் ஒருநாள் கூலி வீணாகாதிருக்கட்டும்!