ஷவர் நூலாகச் சொட்டுகிறதா? முதலில் கூரையைப் பாருங்கள்

ஈப்போவின் புந்தோங் வீடுகளில் ஷவர் தண்ணீர் மெலிந்தால் முதல் பழி தண்ணீர் வாரியத்தின் மேல் விழும். அடுத்த பழி ஹீட்டருக்கு. பிறகு யாராவது ஒருவர் பம்ப் வாங்கச் சொல்வார். காரணம் தெரியாமல் செலவழித்த குடும்பங்களுக்குப் பணம் போனதுதான் மிச்சம். தண்ணீர் மட்டும் பழையபடியே வரும். அதனால், அடிக்கடி காதில் விழும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: வாரியம் அழுத்தத்தைக் குறைத்துவிட்டது.
உண்மை: நம் வீடுகள் பலவற்றில் மீட்டரிலிருந்து நேரடியாக வருவது சமையலறைக் குழாய் மட்டுமே. குளியலறைக்குக் கூரைத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் இறங்குகிறது. தொட்டி நிறைந்திருக்கும்வரை, தெருக்குழாயின் அழுத்தத்துக்கும் உங்கள் ஷவருக்கும் தொடர்பில்லை. சமையலறையில் தண்ணீர் வேகமாக வந்து ஷவரில் மட்டும் மெலிந்தால், கோளாறு வீட்டுக்குள்தான். இரண்டு இடத்திலும் மெலிந்திருந்தால், அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். எல்லா வீட்டிலும் அதே நிலை என்றால் தண்ணீர் வாரியமான லெம்பாகா ஆயர் பேராக்கிடம் புகார் செய்வது நியாயம்.

நம்பிக்கை: பெரிய தொட்டி வைத்தால் வேகம் கூடும்.
உண்மை: அழுத்தத்தைத் தருவது தண்ணீரின் உயரம், அளவு அல்ல. 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஒரு மாடி வீட்டில் தொட்டிக்கும் ஷவருக்கும் இடையே 1 மீட்டர்தான் இருக்கிறது என்றால், கிடைப்பது 0.1 பார். 100 காலன் தொட்டியை எடுத்துவிட்டு 200 காலன் தொட்டி வைத்தாலும் அதே 0.1 பார்தான். ஆனால் கூரை மரங்கள் சுமக்கும் தண்ணீரின் எடை சுமார் 450 கிலோவிலிருந்து 900 கிலோவாக ஏறிவிடும். பழைய பலகை வீடுகளில் இது விளையாட்டல்ல. தொட்டியை உயர்த்துவது பலன் தரும். அதற்கு முன் அடியில் உள்ள தாங்கு மரங்களைத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

நம்பிக்கை: அடுக்குமாடியில் மேல் வீடுதான் தொட்டிக்குப் பக்கம், அங்கே தண்ணீர் வேகமாக வரும்.
உண்மை: நேர்மாறு. மொட்டைமாடித் தொட்டிக்கு அடுத்துக் கீழே உள்ள வீட்டுக்கு உயரம் போதாது. கீழே போகப் போக அழுத்தம் கூடும்.

நம்பிக்கை: சின்னக் குழாய் போட்டால் தண்ணீர் பீய்ச்சி வரும்.
உண்மை: தோட்டத்து ரப்பர் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சுகிறது, அதைப் பார்த்துப் பிறந்த எண்ணம் இது. விரல் அடைப்பது கடைசி வாயை மட்டும். குழாய் முழுவதும் ஒடுங்கினால் வழி நெடுக உராய்வு அதிகரித்து, வந்து சேரும் தண்ணீர் குறையும். பழைய இரும்புக் குழாயில் துரு படிந்து உள்விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் கிடைப்பது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அத்தகைய வீட்டில் குழாயை மாற்றுவதுதான் வைத்தியம். அகலமான மழைத்தூறல் ஷவரை மாட்டுவதும் உதவாது. இருக்கிற கொஞ்சம் அழுத்தத்தில் அது ஒழுகத்தான் செய்யும்.

நம்பிக்கை: ஈப்போ சுண்ணாம்புக்கல் ஊர்; அந்தச் சுண்ணாம்புதான் ஷவரை அடைக்கிறது.
உண்மை: குனோங் ராப்பாட் பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள் இருப்பது உண்மை. ஆனால் ஈப்போவின் குழாய்நீர் ஆற்றுநீர். ஒரு பங்கு உலு கிந்தாவிலிருந்தும், இன்னொரு பங்கு பாரிட் பக்கம் பேராக் ஆற்றிலிருந்தும் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. மத்திய மலைத்தொடரின் கருங்கல் மலைகளில் ஊறும் கிந்தா ஆற்று நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. இங்கே ஷவர் துளையைப் பெரும்பாலும் அடைப்பவை துருத் துகளும், தொட்டியின் அடியில் தேங்கும் மண்டியும்தான். தண்ணீர் வெட்டு முடிந்து மறுபடி வரும்போது இவை கலங்கி இறங்கும்.

நம்பிக்கை: சூடு வரவில்லை, ஹீட்டர் கெட்டுவிட்டது.
உண்மை: உடனடி ஹீட்டரில் நீரோட்டத்தை உணரும் சுவிட்ச் உண்டு. ஓட்டம் மெலிந்தால் அது சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் தராது. தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள சிறு வலை வடிகட்டி அடைத்திருந்தாலே இந்த நிலை வரும். மெயின் சுவிட்சை அணைத்து, ஹீட்டருக்கான தண்ணீரை மூடிவிட்டு அந்த வலையைக் கழுவுங்கள். ஹீட்டரின் மூடியைத் திறக்கும் வேலை மின்பணியாளருடையது.

நம்பிக்கை: மீட்டர் பக்கம் ஒரு பம்ப் மாட்டினால் எல்லாம் சரியாகும்.
உண்மை: பொதுக்குழாயிலிருந்து நேரடியாக உறிஞ்சும் பம்பை அனுமதியின்றிப் பொருத்துவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், அந்தப் பம்ப் இழுப்பது பக்கத்து வீட்டின் தண்ணீரை. தீபாவளி விடியலில் தெரு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காத்திருக்கும்போது, கோடி வீட்டுப் பாட்டியின் வாளி காலியாக இருக்கும். குழாயில் விரிசல் இருந்தால், வெளியே உள்ள அழுக்கு நீரும் உறிஞ்சப்பட்டு எல்லோர் வீட்டுக்கும் போகும். பம்ப் தேவைதான் என்றால் தொட்டிக்குப் பிறகு பொருத்துங்கள், அல்லது பம்ப் உள்ள ஹீட்டரை வாங்குங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: ஷவர் தலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். ஓட்டம் நன்றாக இருந்தால் தலையில்தான் அடைப்பு. ஊறவைத்துத் தேய்த்தால் போதும். இல்லையென்றால் ஹீட்டர் வலை, பிறகு பாதி மூடிக் கிடக்கும் வால்வு, பிறகு தொட்டியின் மண்டி, கடைசியில் பழைய குழாய். முதல் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரு காசும் செலவில்லை. அவற்றைப் பார்த்து முடிக்கும்வரை, ஐயா, அம்மா, பம்ப் கடைப் பக்கம் போகாதீர்கள்.