எலிக்குஞ்சு கத்துது, நமக்குக் கேட்கலை

கூட்டை விட்டு விலகிய எலிக்குஞ்சு, குளிர் தாங்காம சுமார் 40 கிலோஹெர்ட்ஸ்ல கத்தும். நம்ம காது 20-ஐத் தாண்டாது. போன்ல பதியலாம்னு பார்த்தீங்கன்னா, 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் 22-க்கு மேல் சிக்காது (நைக்விஸ்ட் ஞாபகம் இருக்குங்களா?). தாய்க்கு மட்டும் நல்லாவே கேட்கும்.

2013-ல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்கார்த்தி குழு கவனித்தது: ஆண் குஞ்சுகள்தான் அதிகம் கத்துகின்றன, தாயும் அவற்றைத்தான் முதலில் கவ்வி வருகிறது. அவற்றின் மூளையில் ஃபாக்ஸ்பி2 என்ற புரதமும் அதிகம். அதைக் குறைத்தார்கள், கத்தலும் தாய் தூக்கும் வரிசையும் மாறின. பிறந்த பெண் குஞ்சுகளுக்கு ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கொடுத்தபோதோ, கத்தலில் ஆண்-பெண் வேறுபாடே காணாமல் போனது.

உடனே நம்ம வீட்டுக் குழந்தைகளோட ஒப்பிட்டுடாதீங்க. நாலு வயதுக் குழந்தைகளின் மூளை மாதிரிகள் சிலவற்றில், இப்புரதம் பெண்களிடமே அதிகம் இருந்தது.