இரவுப் பறவைகளைக் காதால் அறிவோம்

கொல்கத்தாவில் இரவு நேரத்தில் கேட்பதெல்லாம் டாக்ஸி ஹாரனும் நாய்க் குரைப்பும்தான் என்று நம்மில் பலர் எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஒரு வாரம், பத்து மணிக்கு மேல் மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு மூன்று பறவைகளாவது குரல் கொடுக்கும்.

நான் பறவையியல் படித்தவன் அல்லன். டிப்ளமோ முடித்து இரயில்வேயில் சேர்ந்த புதிதில், நிற்கும் வண்டியின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் ஒரு பெரியவரிடம் பாடம் கேட்டேன். நல்ல சக்கரம் மணி போல ஒலிக்கும். விரிசல் விழுந்த சக்கரத்தின் ஒலி 'டப்'பென்று அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாததைக் காதால் அறியலாம் என்பதை அங்கே கற்றேன். பறவைகளுக்கும் அதே முறைதான். குரல் கேட்டவுடன் நான்கு கேள்விகள் கேட்டுக் கொள்ளுங்கள்:

1. ஒரு தடவைக்கு எத்தனை அசை?
2. சுருதி ஏறுகிறதா, ஒரே நிலையில் நிற்கிறதா?
3. குரல் ஓரிடத்திலிருந்து வருகிறதா, நகர்ந்துகொண்டே போகிறதா?
4. எந்த மாதம், எந்த நேரம்?

இனிப் பறவைகளைப் பார்ப்போம்.

வக்கா: தலைக்கு மேலே 'வாக்' என்று ஒற்றை அசை, சற்றுத் தள்ளி மறுபடி ஒரு 'வாக்'. குரல் நகர்கிறதல்லவா? பறந்துகொண்டே கத்தும் இராக்கொக்கு இது. வங்காளிகள் நிசி பக் என்பார்கள். ரவீந்திர சரோவர் போன்ற ஏரிக்கரை மரங்களில் பகலெல்லாம் தூங்கிவிட்டு, இருட்டியதும் மீன் தேடிப் புறப்படும்.

ஆள்காட்டி: திறந்த வெளியிலிருந்து 'டிட்-டிட்டி-டிட்' என்று படபடப்பான குரல். வங்காளப் பெயர் ஹட்டிட்டி. யார்டுகளில் ஜல்லிக்கு நடுவே முட்டையிடும். இரவில் இது கத்தினால் அந்தப் பக்கம் ஆளோ நாயோ நடமாடுகிறது என்று கொள்ளலாம்.

அக்காக்குயில்: கோடையிலும் மழைக்காலத் தொடக்கத்திலும் நிலா வெளிச்சத்தில் கூவும். மூன்று அசை, ஒவ்வொரு தடவையும் சுருதி ஏறி, உச்சியில் சட்டென்று நின்றுவிடும். 'சோக் கேலோ', அதாவது 'கண் போச்சே' என்று அது புலம்புவதாக வங்காளிகள் கேட்கிறார்கள்; இந்திக்காரர்களுக்கு அதுவே 'பீ கஹாம்'.

இதனோடு குழப்பக் கூடியது நான்கு அசைக் குயில். 'பௌ கொதா கவோ', 'பெண்ணே, பேசு' என்பது அதன் வங்காளப் பெயர். சுருதி ஏறாது, நான்கே அசை, நிதானமாகத் திரும்பத் திரும்ப வரும். எண்ணிப் பார்த்தால் தவறே வராது.

புள்ளி ஆந்தை: பழைய மரப் பொந்துகளில் ஜோடியாக வாழும் சிறிய ஆந்தை. அந்தி மயங்கியதும், விடியுமுன்னும் இரண்டும் சேர்ந்து கீச்சுக் குரலில் சண்டை போடுவது போல் இரையும்.

கடைசியாகக் கூகை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளை முகம், இதய வடிவம். 'ஊ' என்று அலறாது. துணி கிழிப்பது போல நீண்ட கரகரத்த கிறீச்சிடல். இறகுகள் மிக மிருதுவானவை, ஆகவே பறக்கும் சப்தமே கேட்காது. காதுகள் இரண்டும் சம உயரத்தில் இல்லை. ஒலி மேலிருந்து வருகிறதா, கீழிருந்தா என்று கணித்து, கும்மிருட்டிலும் எலியைப் பிடிக்க இந்த அமைப்புதான் உதவுகிறது. நம் ஊரில் சாக்குருவி என்று பயப்படுவது இதைத்தான்.

1998 டிசம்பரில் என் தாயார் பக்கவாதத்தில் படுத்திருந்தார். இரவில் வெளியே கிறீச்சென்ற குரல்; அவர் கட்டிலுக்கு மேலே சீலிங்கிலிருந்து யாரோ குறட்டை விடுவது போல ஓசை. "சாக்குருவிடா. எனக்குத்தான் வந்திருக்கு" என்றார். மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுக் கூரையோரத்து உடைந்த வென்டிலேட்டரைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

அன்றிரவு வெளிக்குரல் ஓயவே இல்லை. மேலே குறட்டை இன்னும் பலமானது. காலையில் வேலைக்கு வந்த மாசி பதறிப் போனாள். "அது லொக்கி பேஞ்சா, பாபு. மேலே கேட்பது குஞ்சுகள் இரை கேட்கும் சப்தம்" என்றாள். இந்தப் பறவை வங்காளத்தில் லக்ஷ்மியின் வாகனம். அம்மா கேட்டுக் கொண்டிருந்தார். "குஞ்சுக்குப் பசியாடா? முதல்ல போய்த் திற" என்றார்.

ஏணி வைத்து ஏறி உளியால் நானே செங்கல்லைப் பெயர்த்தேன். டார்ச் வெளிச்சத்தில் வெண்பஞ்சு போல நான்கு குஞ்சுகள், ஒன்றுக்கொன்று அளவில் சிறிதாக. முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. மூன்று என்னைப் பார்த்துச் சீறின. மிகச் சிறியது அசையவில்லை. அதற்கு நான்தான் பொறுப்பு.

அதன் பிறகு இரவில் கிறீச்சென்றால், "இரை கொண்டு வந்துட்டா பாரு" என்பார் அம்மா. இன்னும் இரண்டு வருடம் எங்களோடு இருந்தார்.

ஆந்தைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் என் போன்றவர்கள் செய்யும் தவறு வேறு. அது அறியாமையால் வருவது. பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் அன்பர்கள் பொந்தை அடைக்குமுன் ஓர் இரவு காத்திருந்து கேளுங்கள். குறட்டை கேட்டால், குஞ்சுகள் பறந்து போகும்வரை வேலையைத் தள்ளி வையுங்கள்.

வீட்டுப் பாடம்: ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, மணி, அசை, சுருதி, திசை என ஐந்து கட்டம் போடுங்கள். குழந்தைகளிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். அவர்கள் காது நம்முடையதைவிடக் கூர்மையானது.