ஒரே பணியிடம், இருவேறு இடர்

நுழையும்முன்

உழைப்பு மனிதரை வாழவைக்கிறது. உழைக்கும் இடமே உயிருக்கு ஊறு விளைவிக்குமானால் என்செய்வது? கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் பணியாளர்கள் முன் இவ்வினா எழுந்தது. உடல்நலம் குன்றியவர்களோ அதனை நாள்தோறும் எதிர்கொண்டனர். பிரிட்டன் பெற்ற பட்டறிவைக் கொண்டு அவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

இடர் அனைவர்க்கும் ஒன்றன்று

இங்கிலாந்தின் பல்பொருள் அங்காடி ஒன்றில் பணம் பெறும் பணியாளர் இருவரை எண்ணிப் பார்க்கலாம். இருவரும் ஒரே நேரம் பணியாற்றுகின்றனர். ஒரே வாடிக்கையாளர்களைச் சந்திக்கின்றனர். ஒரே காற்றைச் சுவாசிக்கின்றனர். ஒருவர் நலமான இளைஞர். மற்றவர் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்.

பிறரிடமிருந்து பெற்ற உறுப்பை உடல் அயற்பொருளாகக் கருதி எதிர்க்கும். அதனைத் தடுக்க, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை அவர் நாள்தோறும் உட்கொள்கிறார். சிறுநீரகத்தைக் காக்கும் அம்மருந்தே நோய்க்கிருமிக்கும் வழிவிடுகிறது. தடுப்பூசியும் அத்தகையோர்க்கு முழுப்பயன் அளிப்பதில்லை. இளைஞருக்குச் சில நாள் காய்ச்சலாக முடியக்கூடிய தொற்று, அவருக்கு உயிரிழப்பாக முடியலாம். ஆகவே, ‘அனைவர்க்கும் ஒரே பாதுகாப்பு’ என்னும் விதி நடுநிலையானதுபோலத் தோன்றினும், அது நடுநிலையாகாது.

தனித்திருந்து காத்தல்

உலகச் சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட் நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. உறுப்பு மாற்றம் பெற்றோர், சிலவகைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர், கடுமையான நுரையீரல் நோயுடையோர் முதலியோரைப் பிரிட்டன் அரசு அம்மாதமே மிகுந்த பாதிப்புக்கு உள்ளாகக்கூடியோர் என வகைப்படுத்தியது. வீட்டைவிட்டு வெளியேறாதிருக்குமாறு அவர்களுக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் அப்பட்டியலில் இடம்பெற்றனர். நீரிழிவு நோயாளர், கருவுற்றோர், எழுபது வயது கடந்தோர் ஆகியோர் அடுத்த நிலையில் வைக்கப்பட்டனர். அவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்குமாறு மட்டும் அறிவுறுத்தப்பட்டனர்.

வீட்டிலிருப்போர்க்கு ஊதியம் யார் தருவது? பணியின்றி இருக்கும் காலத்திற்கு ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்னும் வரம்புக்குள், அரசு வழங்கியது. ஆயினும் ஒருவரை அத்திட்டத்தில் சேர்ப்பதா வேண்டாவா என்பதை முடிவுசெய்தவர் முதலாளியே. சேர்க்கப்படாதவர்கள் நாடக்கூடிய சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்திற்கு 95.85 பவுண்டு மட்டுமே.

2020 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தில் இவ்வேற்பாடு நிறுத்திவைக்கப்பட்டது. வீட்டிலிருந்து பணியாற்ற இயலாதவர்கள், பணியிடம் பாதுகாப்பாக இருப்பின் திரும்பலாம் என்று கூறப்பட்டது. நோய் நீங்கவில்லை, தடுப்பூசி வந்துசேரவில்லை, பணிக்குத் திரும்பும் நாள் மட்டும் வந்துவிட்டது. கூலியா, உயிரா என்னும் வினாவுக்கு நோயுற்றவரே தனித்து விடைகாண வேண்டிய நிலை பலர்க்கு நேர்ந்தது.

சட்டம் தரும் காப்பு

பணியாளரின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் இயன்ற அளவு உறுதிசெய்வது முதலாளியின் கடமை என்கிறது பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுச் சட்டம். பணியிட இடர்களை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும் என்கின்றன 1999ஆம் ஆண்டு விதிகள். கடுமையான, உடனடியான ஆபத்து உள்ளதெனத் தக்க காரணத்துடன் நம்பிப் பணியிடத்தைவிட்டு விலகுவோரைத் தண்டித்தலாகாது என்கிறது 1996ஆம் ஆண்டு வேலை உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு.

எனினும், இப்பிரிவு முறையான வேலை ஒப்பந்தம் உடையோரை மட்டுமே காத்தது. பொருள்களைக் கொண்டுசேர்ப்போர், வாடகை வண்டி ஓட்டுவோர் போன்ற பலர் அதன் எல்லைக்கு வெளியே நின்றனர். தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் 2020 நவம்பரில் உயர்நீதிமன்றம் இக்குறையைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் 2021 மே 31 முதல் இவ்வுரிமை அவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

காப்பின் படிநிலை

முகக்கவசத்தை வழங்கிவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவோர் உளர். பாதுகாப்பு இயலோ முகக்கவசத்தை இறுதிப்படியில்தான் வைக்கிறது. இடரை அதன் பிறப்பிடத்திலேயே நீக்குவது முதற்படி. நம் அங்காடிப் பணியாளரை வீட்டிலிருந்தே கணக்கு எழுதச் செய்வது அத்தகையது. அது இயலாதபோது, பணியிடத்தை மாற்றியமைக்க வேண்டும். கிருமி காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் பரவுவதால், சன்னல்களைத் திறப்பதும் காற்றோட்டத்தைப் பெருக்குவதும் இன்றியமையாதவை. கூட்டம் குறைந்த வேளையில் பணி வழங்குவது அடுத்த படி. முகக்கவசம் இவற்றுக்குத் துணையேயன்றி மாற்றாகாது.

இவற்றை முடிவுசெய்யும்போது உரிய பணியாளரையும் கலந்து பேசுதல் வேண்டும். தம் உடலின் எல்லையை அவரே நன்கறிவார். அவர் கூறும் மருத்துவச் செய்திகளை மறைவாகக் காப்பதும் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்

இந்திய அரசின் சுகாதார அமைச்சகம் 2020 ஜூனில் அலுவலகங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. முதியோர், கருவுற்றோர், இணைநோய் உடையோர் ஆகிய பணியாளர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும் என்றும், பொதுமக்களை நேரடியாகச் சந்திக்கும் பணியில் அவர்களை ஈடுபடுத்தாதிருத்தல் நலம் என்றும் அது அறிவுறுத்தியது.

நிறைவாக

பெருந்தொற்றின் வேகம் தணிந்துவிட்டது. சிறுநீரக மாற்றம் பெற்றவரோ இன்றும் அதே மருந்தை உட்கொள்கிறார். பிறர்க்கு எளிதாகத் தோன்றும் காய்ச்சலுக்கும் அவர் அஞ்ச வேண்டியுள்ளது. அவரது அச்சத்தைக் கோழைத்தனம் என்று இகழாமல், அதன் காரணத்தைக் கேட்டறிவதே நல்ல பணியிடத்தின் முதற்பண்பு. வலியவர் பிழைத்துக்கொண்டார் என்பது ஓர் இடம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. நலிந்தவரும் அச்சமின்றிப் பணியாற்றி வீடு திரும்புவதே சான்றாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் காற்றோட்டத்தை ஆராய்ந்து, அதனை மேம்படுத்தும் வழிகளைப் பட்டியலிடுக.

2. ‘அனைவர்க்கும் ஒரே விதி என்பது எப்போதும் நீதியாகுமா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

3. உடல்நலம் குன்றிய பணியாளர் ஒருவர், பணியிட மாற்றம் வேண்டி மேலாளருக்கு எழுதுவதுபோலக் கடிதம் ஒன்று வரைக.