மன்னார்க் குசினியில் மலிவு விலை மின் பொரிகலம்

மின் பொரிகலம் என்று இங்குச் சுட்டப்படுவது, கடைகளில் டீப் ஃப்ரையர் என்ற பெயரில் விற்கப்படுவதும், ஒன்று முதல் மூன்று லீற்றர் வரை எண்ணெய் கொள்வதும், மின்சாரத்தால் சூடேறி, குறித்த வெப்பநிலையை எட்டியதும் தானாகவே நின்று, எண்ணெய் ஆறத் தொடங்கியதும் மீண்டும் இயங்குவதுமான சிறு பாத்திரமாகும். இந்தக் கருவி, மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும் மலிவு வகையாகவோ வளைகுடா நாடுகளில் வேலை செய்வோர் கொண்டுவந்த பொருளாகவோ குசினிக்குள் நுழைகிறது. அதை வைத்துப் பழகியோரின் அனுபவங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், வெற்றியையும் தோல்வியையும் நிர்ணயிப்பது எண்ணெயோ விலையோ அல்ல, நீரே என்பது தெளிவாகிறது: மீனுக்குள் இருக்கும் நீர், உப்பு இழுத்து வெளியேற்றும் நீர், மூடியில் படியும் நீர், கழுவிய பின் துடைக்காமல் விட்ட நீர், கடற்காற்றின் ஈரம் ஆகிய ஐந்துமே இந்தக் கருவியின் நட்பையும் பகையையும் தீர்மானிக்கின்றன.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு லீற்றர் எண்ணெயை, மன்னாரின் வழக்கமான 28 பாகை செல்சியஸிலிருந்து 180 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 560 கிலோயூல் வெப்பம் தேவை. 1,800 வாட் கருவி இதை ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேலும், 1,000 வாட் கருவி ஒன்பது நிமிடத்துக்கு மேலும் எடுத்துச் செய்துமுடிக்கும். ஆனால் ஒரு கிராம் நீரை நீராவியாக்க மட்டும் 2.26 கிலோயூல் செலவாவதால், அரைக் கிலோ இறாலை ஒரே தடவையில் இட்டு, அது 150 கிராம் நீரை இழக்குமானால், அந்த நீருக்கே 340 கிலோயூல், அதாவது எண்ணெய் முழுவதையும் முதலில் சூடாக்கியதில் பாதிக்கும் மேல், போய்விடுகிறது. வலுக்குறைந்த கருவி இந்தச் செலவை ஈடுசெய்ய முடியாமல் தடுமாறும்போது எண்ணெயின் சூடு சரிந்து, இறால் பொரிவதற்குப் பதிலாகத் தன் சாற்றிலேயே அவிந்து, வெளிறி, எண்ணெய் குடித்துப் போகிறது. மலிவான கருவியைக் குறைகூறுவோரில் பலர் உண்மையில் குறைகூற வேண்டியது, அவர்கள் ஒரே தடவையில் இட்ட அளவைத்தான். எண்ணெயின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது இரண்டு லீற்றருக்கு இருநூறு கிராமுக்கு உட்பட்ட அளவு, பாதுகாப்பான தொடக்கமாகும். நன்கு உலர்ந்த பண்டமானால் இதைச் சற்றுக் கூட்டலாம்.

பேசாலையிலும் பள்ளிமுனையிலும் வங்காலையிலும் கரையேறும் மீன் இறாலைப் போலவே நீர் நிறைந்தது என்பதால், பொரிகலத்துக்குப் போகும் மீனின் தயாரிப்பு தாச்சியில் பொரிக்கும் மீனின் தயாரிப்பிலிருந்து வேறுபட்டாக வேண்டும். தாச்சியில் ஈரமான மசாலையுடன் துண்டை இட்டாலும் அகப்பையால் புரட்டிக்கொண்டே சமாளித்துவிடலாம். ஆழமான எண்ணெயில் அந்த ஈரம் வெடித்துத் தெறிக்கும், பிரிந்து விழும் மிளகாய்த்தூள் கருகி எண்ணெயைக் கறுப்பாக்கும். ஆகவே முதலில் உப்பை மட்டும் தடவி அரை மணிநேரம் வைத்தால், உப்பு சதையிலிருந்து இழுத்த நீர் மேற்பரப்பில் துளித்துளியாக நிற்பது கண்ணுக்குத் தெரியும். அதைத் துணியால் நன்றாக ஒற்றியெடுத்த பின் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசி, மேலும் சிறிது நேரம் காற்றில் உலரவிட்டு, ஒட்டாத தூளைத் தட்டிவிட்டு இடுவதே சரியான முறை. நெத்தலிக்கு இந்த வேலை சொற்பம், பலனோ பெரிது, ஏனெனில் அதன் சிறிய உடல் 180 பாகையில் மிக விரைவில் மொறுமொறுப்பாகிறது. அறுக்குளா, பாரை போன்றவற்றின் தடித்த துண்டுகளுக்கு 165 முதல் 170 பாகை போதும், இல்லையேல் வெளிப்புறம் சிவந்தும் உள்ளே வேகாமலும் இருக்கும்.

இரு பண்டங்கள் தனியாகப் பேசப்பட வேண்டியவை. கணவாயின் குழாய் வடிவ உடலுக்குள் நீர் அடைபட்டிருந்தால், அது நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகி, சூடான எண்ணெயை வெளியே எறியும். எனவே அதை முழுதாக இடாமல் வளையங்களாக வெட்டியோ, உட்புறத்தைக் கீறித் துடைத்தோ இட வேண்டும். மீன் சினை இன்னும் ஆபத்தானது: முட்டைகளைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு உட்புற ஆவியைத் தாங்காமல் கிழிந்து, சினை கையளவு தூரம் தெறிப்பது இதைப் பொரித்த எவருக்கும் தெரிந்த காட்சி. முதலில் உப்பு நீரில் மெல்லிய சூட்டில் அவித்து, ஆறவிட்டு, துண்டுகளாக வெட்டிய பின்னரே பொரிகலத்துக்குக் கொண்டுபோவது நல்லது.

கருவியை வாங்கும்போது கவனிக்க வேண்டியது வெப்பச்சுருள் எங்கே இருக்கிறது என்பதாகும். எண்ணெய்க்குள் மூழ்கிய சுருள் உள்ளவற்றில், சுருளுக்குக் கீழே சில சென்றிமீற்றர் ஆழத்துக்குச் சூடு குறைந்த எண்ணெய் நிற்கும். அது குளிர்வலயம் எனப்படும், விழும் மாவும் தூளும் அங்கே தங்கிக் கருகாமல் கிடக்கும். பாத்திரத்தின் அடியில் சுருள் ஒட்டிய வகைகளில் இந்த வலயமே கிடையாது. மன்னாரின் பொரியலில் மசாலைத்தூள் தவிர்க்க முடியாதது என்பதால், விலையில் சிறு வித்தியாசம் இருந்தாலும் மூழ்கிய சுருள் வகையே ஏற்றது என்பது இக்கட்டுரையின் துணிபு. சூட்டை நிறுத்தித் தொடங்கும் தேர்மோஸ்டாட் எனும் கட்டுப்படுத்தி, மலிவு வகைகளில் குறித்த அளவுக்கு மேலும் கீழும் பத்துப் பதினைந்து பாகை வரை ஊசலாடக்கூடும். கருவியிலுள்ள விளக்கு முதல் தடவை அணைந்ததும் பண்டத்தை இடாமல், அது மீண்டும் எரிந்து அணையும் வரை காத்திருந்தால் சூடு சமன்பட்டிருக்கும். தனியாக ஒரு வெப்பமானி வாங்கிக் குமிழின் எண்களைச் சரிபார்ப்பது, கருவிக்குச் செய்யக்கூடிய செலவுகளில் மிகவும் பயனுள்ளது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, 230 வோல்ட்டில் 2,000 வாட் கருவி 8.7 அம்பியர் இழுக்கும். பழைய வீடுகளிலுள்ள உருண்டைக் கால் 5 அம்பியர் பிளக் பொயின்ட் இதைத் தாங்காது. சதுரக் கால் 13 அம்பியரோ பெரிய 15 அம்பியரோ, எர்த் இணைப்போடு, நேரடியாகச் சுவரிலிருந்து இருக்க வேண்டும், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் கூடவே கூடாது. வளைகுடாவிலிருந்து வந்தவை சதுரக் காலோடு அப்படியே பொருந்தும். ஐரோப்பாவிலிருந்து வந்தவற்றுக்கு எர்த்தையும் கடத்தும் அடாப்டர் தேவை. தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு தம்பபவனிக் காற்றாலைகள் திறந்துவைக்கப்பட்டிருந்தாலும், ஒரு வீதியின் கடைசிக் கம்பத்துக்கு அருகிலிருக்கும் வீட்டின் வோல்ட் அளவு அதனால் உயர்ந்துவிடுவதில்லை: 200 வோல்ட்டாகக் குறைந்தால் கருவியின் வலு முக்கால் பங்காகிவிடும், அப்போது முன்சொன்ன அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். ஒரு தடவைப் பொரியலுக்கு அரை அலகுக்குச் சற்று மேல் மின்சாரம் செலவாகும். இலங்கையின் வீட்டுக் கட்டண முறையில் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே வேறு கட்டண வரிசை தொடங்குவதால், எல்லையோரத்தில் நிற்கும் குடும்பங்களுக்கு மாதக் கடைசியின் சில பொரியல்கள் எதிர்பாராத விலையாகிவிடக்கூடும்.

இருந்தும் மிகப் பெரிய செலவு எண்ணெய்தான், அதன் ஆயுளை நீட்டுவதே இந்தக் கருவியைப் பழகுவதன் பெரும்பகுதியும். செக்கில் ஆட்டிய, சுத்திகரிக்கப்படாத தேங்காயெண்ணெய் 175 பாகையை ஒட்டியே புகையத் தொடங்குவதால் அதற்கு 160 முதல் 165 வரையே வைக்க வேண்டும். சுத்திகரிக்கப்பட்டது 200 பாகையைத் தாண்டியும் தாங்கும். தேங்காயெண்ணெய் பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பாலானது என்பதால் காற்றால் எளிதில் கெடாது, ஆனால் நீரும் சூடும் சேர்ந்தால் அது பிரிந்து கொழுப்பமிலங்களை விடுவிக்கும். சவர்க்காரம் போன்ற வாடையும் சுவையும் அப்போது வருபவை, அதே வேளையில் புகையும் வெப்பநிலையும் தாழ்ந்துபோகும். பலரும் அறியாத இன்னொன்று, தேங்காயெண்ணெயோடு கடையின் வெஜிடபிள் ஒயிலைக் கலந்தால் நுரை பொங்கும் என்பது. ஆழமான பாத்திரத்தில் நுரை விளிம்பைத் தாண்டினால் அது தீ விபத்தாக மாறலாம், எனவே எஞ்சியதன் மேல் வேறு வகையை ஊற்றலாகாது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் இறக்குமதித் தேங்காயெண்ணெயில் அப்லாடொக்சின் எனும் பூஞ்சை நச்சு கண்டறியப்பட்டது நாடறிந்த செய்தி. பொரிக்கும் சூட்டில் அந்த நச்சு அழிவதில்லை என்பதால், எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்து வாங்குவதில் சலிப்புக் கொள்ளக்கூடாது.

எண்ணெய்க்கு ஒரு வரிசை உண்டு. புதிய எண்ணெயில் முதலில் வடை, மரவள்ளிச் சீவல், ரோல்ஸ் போன்றவை, பின்னர் கோழியும் இறாலும், கடைசியாகத்தான் மீன். சூடை போன்ற கொழுப்பு மிகுந்த மீனின் கொழுப்பு எண்ணெயில் கலந்து விரைவில் ஊசிப்போகும், அதன் மணம் பின்னர் எதனாலும் நீங்காது. வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டும் சமைக்கும் இந்துக் குடும்பங்களும், நோன்பு துறக்கச் சமோசாவும் ரோல்ஸும் பொரிக்கும் எருக்கலம்பிட்டி, தாராபுரம் வீடுகளும், நத்தார்ப் பலகாரத்துக்கு எண்ணெய் வைக்கும் கத்தோலிக்க வீடுகளும் மீன் பொரித்த எண்ணெய்க்கு வேறு போத்தல் வைத்துக்கொள்வது இதனால் பெரிதும் உதவும். ஆறிய எண்ணெயைப் பருத்தித் துணியில் வடித்து, கண்ணாடி அல்லது எவர்சில்வர்ப் பாத்திரத்தில் இருட்டில் வைக்க வேண்டும். பித்தளைப் பாத்திரம் ஆகாது, ஏனெனில் செம்பு எண்ணெய் கெடுவதை விரைவாக்கும்.

பனைகள் நிறைந்த இந்தத் தீவில் பொரிகலத்தின் உண்மையான பெருமை வெளிப்படுவது பனங்காய்ப் பணியாரத்திலாகும். பனங்களியைச் சீனியோடு காய்ச்சிக் கோதுமை மா சேர்த்த கலவையில் இனிப்பு மிகுதியாதலால் அது 180 பாகையில் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும்; 150 முதல் 160 வரை நிலையாக நிற்கும் சூடு அதற்குத் தேவை, விறகடுப்பிலும் காஸிலும் அதைத் தக்கவைக்க நீண்ட பழக்கம் வேண்டும், கருவியோ அதைத் தானாகவே தருகிறது. ஆயினும் களியைக் கம்பிக்கூடையில் வைத்து இறக்கினால் அது கம்பிகளைப் பற்றிக்கொண்டு பிய்ந்துபோகும். வெறுங்கூடையை முதலில் எண்ணெய்க்குள் இறக்கி, பின்னர் விரலில் எண்ணெய் தொட்டுக் களியைச் சிறு உருண்டைகளாக மேற்பரப்பை ஒட்டி நழுவவிட்டால், அவை அமிழ்ந்து, சில நொடிகளில் தாமாகவே மிதந்தெழும். உளுந்து வடைக்கும் இதே முறை பொருந்தும். எடுத்த உடனேயே கூடையை உதறி வடிப்பது அவசியம், ஏனெனில் பண்டம் எண்ணெயை அதிகமாக உள்ளிழுப்பது பொரியும்போதல்ல, வெளியே வந்து ஆறும்போது, உள்ளிருக்கும் ஆவி சுருங்கி மேற்பரப்பில் ஒட்டியதை உறிஞ்சும் அந்தச் சில விநாடிகளிலாகும். பொரிக்கும்போது மூடியை மூடிவைப்பது தெறிப்பைத் தடுத்தாலும், அதில் படியும் நீர் திரும்பவும் எண்ணெயில் சொட்டுவதால், திறக்கும்போது சாய்த்து வெளிப்பக்கமாக வடியவிட வேண்டும்.

கடற்கரை வீடுகளில் கருவி பழுதடைவது பெரும்பாலும் பொரிக்கும்போதல்ல, சும்மா இருக்கும்போதுதான். உப்புக் காற்று கூடையின் முலாமை உரித்து, கட்டுப்படுத்தியின் தொடுமுனைகளைத் துருப்பிடிக்கச் செய்யும்; சோளகக் காற்று வீசும் மாதங்களில் விறாந்தையில் வைத்துப் பொரித்தால் மணலும் சேர்ந்துவிடும். உவர்நீர்க் கிணற்றில் கழுவியபின் குடிநீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, வெயிலில் முற்றாக உலர்த்தி, கூடையில் எண்ணெய் தடவி, துணியுறைக்குள் வைப்பது நீண்ட ஆயுளைத் தரும். சுருளும் மின்சாரப் பெட்டியும் ஒருபோதும் நீரில் மூழ்கக் கூடாது. தீப்பற்றினால் சுவிட்சை நிறுத்தி மூடியால் மூட வேண்டும், நீர் ஊற்றவே கூடாது; சூடான எண்ணெயுடன் கருவியை இடம் மாற்றவோ, வயரைப் பிள்ளைகளின் கைக்கெட்டத் தொங்கவிடவோ கூடாது.

கறுத்து, நுரைத்து, மணம் மாறிய எண்ணெயைக் கிணற்றடியிலோ முற்றத்து மணலிலோ ஊற்றுவது மன்னாரில் கூடாத செயல், ஏனெனில் இத்தீவின் நன்னீர் ஆழமில்லாத மணற்படையில் உவர்நீருக்கு மேல் தங்கியிருக்கும் மெல்லிய நீர்ப்படையாகும், ஊற்றியது கீழிறங்கும் இடமும் அதுவே. போத்தலில் அடைத்து வைத்து, காரம் சேர்த்துச் சவர்க்காரம் காய்ச்சத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம்; பழைய தேங்காயெண்ணெய், வடித்துச் சுத்தமாக்கப்பட்டால், துணி தோய்க்கும் சவர்க்காரத்துக்கு நன்றாகவே உதவும்.