படித்தவர்க்கும் துவேஷம் வருவதேன்?



"அவ்வளவு படித்தவர், அவர் போய் இப்படி நினைக்கலாமா?" என்று நாம் கேட்பதுண்டு. படிப்பு வந்தால் துவேஷம் தானே போய்விடும் என்று நம்புகிறோம். அது சரிதானா என்று ஓர் உதாரணத்தைக் கொண்டு பார்ப்போம்.

பிலிப் லேனார்டு ஜெர்மனியில் பேர்பெற்ற பௌதிக சாஸ்திரி. 1905-ல் நோபெல் பரிசு பெற்றவர். உலோகத்தின்மேல் ஒளி பட்டு எலெக்ட்ரான்கள் வெளிவருவதை அவர் சோதித்தார். ஒளியின் பலத்தைக் கூட்டினால் அவற்றின் எண்ணிக்கை கூடுகிறதேயன்றி வேகம் கூடுவதில்லை என்று 1902-ல் கண்டார். அதற்குக் காரணத்தை 1905-ல் விளக்கியவர் ஐன்ஸ்டைன். அவர் யூதர்.

முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. அந்தக் கசப்பில் பலர் யூதர்மேல் பழிபோட்டார்கள். லேனார்டும் அவர்களோடு சேர்ந்தார். 1924-லேயே ஹிட்லரைப் பகிரங்கமாக ஆதரித்தார். 1933-ல் வந்த சட்டத்தால் யூதப் பேராசிரியர்கள் பலர் வேலையிழந்தார்கள். 1936-ல் லேனார்டு "ஜெர்மன் பௌதிகம்" என்ற நூலை வெளியிடத் தொடங்கி, விஞ்ஞானமும் இனத்தையும் இரத்தத்தையும் பொறுத்ததே என்று வாதாடினார். தம் சோதனைக்கே விளக்கம் தந்தவரை அவர் தள்ளிவிட்டார். மேதையே இப்படிச் சாட்சி சொன்னால் பாமரன் நம்பாமல் இருப்பானா?

இத்தனை புத்தி இருந்தும் இது எப்படி நேர்ந்தது? புத்தி வக்கீலைப் போன்றது. மனது எந்தக் கட்சியைப் பிடித்துக்கொண்டதோ, அந்தக் கட்சிக்கே வாதாடும். மனதில் கர்வமும் கசப்பும் குடியிருந்தால், பாமரன் தன் துவேஷத்துக்கு ஒரு காரணம் சொல்வான். படித்தவன் பத்துச் சொல்வான். போதாததற்கு, பெரியவர் என்று பேரெடுத்தவரைத் திருத்தவும் ஆள் துணிவதில்லை.

இதற்கு மருந்து உண்டா? நத்தனியேலும் முதலில் நாசரேத்தூரை இளக்காரமாகவே எண்ணினார். ஆனால் சிநேகிதர் அழைத்ததும் எழுந்துபோய் நேரில் பார்த்தார், எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

ஆகையால் பிள்ளைகளுக்குப் படிப்போடு இதையும் பழக்குங்கள். ஒரு குலத்தாரையோ ஊராரையோ பழிக்கும் பேச்சு வீட்டில் எழும்போது, பெரியவர்களும் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்:

1. இது நான் நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா?
2. ஒருவன் செய்த குற்றத்தை எல்லார் தலையிலும் ஏற்றுகிறேனா?
3. இது பொய்யென்று நாளை தெரிந்தால் எனக்குச் சந்தோஷமா, வருத்தமா?

மூன்றாவதற்கு "வருத்தம்" என்று பதில் வந்தால், கோளாறு புத்தியில் அல்ல, மனதில் என்று அறிந்துகொள்ளுங்கள். அங்கேதான் வைத்தியம் தொடங்க வேண்டும்.